பெறுநர் பதிலளிக்கவில்லை

பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருப்பவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். வண்டி புறப்பட்டது என்று பதிவேட்டில் எழுதியிருந்தால் அது புறப்பட்டிருக்க வேண்டும். வந்தது என்று எழுதியிருந்தால் கண்ணெதிரே நிற்க வேண்டும். பத்தொன்பது வருடமாக நான் அப்படித்தான் எழுதுகிறேன், அப்படித்தான் நம்புகிறேன். அதனால்தான் அந்தப் பார்சல் எங்கள் நாட்டுக்குள் வந்த பிறகு எனக்குத் தலைகால் புரியாமல் போனது.

வெளிநாட்டில் இருந்தவரை அது ஒழுங்கான பிள்ளையாக இருந்தது. கொழுந்தியாள் அனுப்பிய மறுநாள் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது'. அதற்கடுத்த நாள் 'விமானத்தில் ஏற்றப்பட்டது'. ஒரு திங்கட்கிழமை காலை 'சேரும் நாட்டை வந்தடைந்தது'. மகள் அதைத் தன் போனில் வாசித்தபோது நான் பாதி சவரத்தில் சோப்பு நுரையோடு கூடத்துக்கு ஓடிவந்தேன். போனைப் பிடுங்கி மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் வாசித்தாள், என் கன்னத்து நுரையைப் பார்த்தாள், சிரித்தாள்.

பெட்டிக்குள் இருந்தது அவளுடைய காது. எங்கள் வீட்டில் அதை அப்படித்தான் சொல்வோம். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து இரண்டு காதையும் துடைத்து எடுத்துக்கொண்டு போனது. ஆபரேஷன் செய்து தலைக்குள் ஒரு கருவி வைத்தார்கள். அதோடு பேசுகிற வெளிக்கருவி காதுக்குப் பின்னால் உட்காரும், அதன் வட்டமான வில்லை காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்றினால் அவளுக்கு ஒன்றுமே கேட்காது. போன மாதம் ஒரு மழையில் அந்த வெளிக்கருவி நனைந்து உயிரை விட்டது. இங்கே பழுது பார்க்க மூன்று மாதம் கேட்டார்கள். கருவி செய்த கம்பெனியின் சொந்தப் பணிமனை அவள் தங்கை இருக்கும் ஊரிலேயே இருந்ததால் அங்கே அனுப்பினோம். பழுது பார்த்து, தங்கை திருப்பி அனுப்பியாகிவிட்டது.

அது வந்தே ஆகவேண்டியிருந்தது. மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், கவுண்டரில். வருகிறவர்கள் சீட்டை நீட்டுவதோடு நிற்பதில்லை, வாயாலும் நூறு கேட்பார்கள். தப்பாகக் கேட்டுத் தப்பான மாத்திரையைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அவளே பயந்தாள். முதலாளி அவளைப் பின்னறையில் உட்காரவைத்து, அட்டைப்பெட்டிகளில் காலாவதித் தேதி பார்க்கச் சொன்னார். பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: "அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன்மா. அதுக்கு மேல கவுண்டருக்கு ஆள் போட்டே ஆகணும். போட்டுட்டா அப்புறம் அந்த ஆளை அனுப்ப எனக்கு மனசு வராது." நல்ல மனுஷன்தான், அதனால் திட்டவும் முடியவில்லை. காது போன முதல் வருடம் அவள் வீட்டிலேயே சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள். அந்தக் கவுண்டர்தான் அவளை எழுப்பி நிறுத்தியது.

சரி, பார்சலுக்கு வருகிறேன். திங்கள் வந்தடைந்தது. செவ்வாய் 'இறக்குமதி மையத்திலிருந்து புறப்பட்டது'. புதன் 'இறக்குமதி மையத்துக்கு வந்தது'. வியாழன் மறுபடி புறப்பட்டது. வெள்ளி மறுபடி வந்தது. ஒரே நிலையத்திலிருந்து புறப்பட்டுப் புறப்பட்டு எங்குமே போகாத வண்டியை நான் பதிவேட்டில் எழுதினால் அன்றைக்கே என் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். சனிக்கிழமை 'நிகழ்வு நிலுவையில்' என்று வந்தது. என்ன நிகழ்வு, யாருக்கு நிலுவை, ஒரு மண்ணும் விளங்கவில்லை.

அனுப்பிய நாட்டுக்காரர்கள் உங்கள் நாட்டிடம் ஒப்படைத்துவிட்டோம் என்று கைகழுவிவிட்டார்கள். இங்கே உதவி எண்ணுக்கு நாற்பது நிமிடம் காத்திருந்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"இந்த நம்பர் எங்க சிஸ்டத்துல இல்லை சார். இங்க வந்ததும் புது நம்பர் போட்டிருப்பாங்க."

"அந்தப் புது நம்பரை எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"பழைய நம்பரைப் போட்டுப் பார்த்தா வரும் சார்."

"பழைய நம்பர்தான் உங்ககிட்ட இல்லைன்னு சொல்றீங்களே."

"ஆமா சார்."

அந்தப் பெண் மேல் தப்பில்லை. ஆனால் போனை வைத்த பிறகு நான் வீடு அதிரக் கத்தினேன். மனைவி இரண்டடி தூரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன். அவள் காது ஊருக்குப் போனதிலிருந்து நான் வீட்டில் இஷ்டத்துக்குப் பேசிக்கொண்டிருந்தேன். மேலதிகாரியை வைவேன், கொழுந்தியாளை வைவேன், அவளையே நாலு வார்த்தை முணுமுணுப்பேன். எதிர்ப்பேச்சு இல்லை. முதல் வாரம் அது சொர்க்கமாக இருந்தது. இரண்டாவது வாரம் பணிமனையில் நடந்த ஒரு கூத்தை வந்து சொன்னேன், நானே சிரித்தேன், அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை மாலை, கல்லூரியிலிருந்து வந்த மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று போனைப் பார்த்தாள்.

"அப்பா, மாறியிருக்கு. 'பெறுநர் பதிலளிக்கவில்லை. மூன்று முயற்சிகள். பத்து நாட்களில் திருப்பி அனுப்பப்படும்.'"

"யாரு முயற்சி பண்ணாங்க? எவன் வந்தான்? வீட்டு வாசல்ல எப்பவும் ஆள் இருக்கு."

"வரலை அப்பா. போன் பண்ணியிருப்பாங்க."

"என் போன் கையிலேயே இருக்கு. ஒரு கால் வரலை."

மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பார்சல்ல யார் நம்பர் குடுத்தீங்க?"

கொழுந்தியாள் கேட்டபோது சட்டம் பேசினது நான்தான். யார் பெயருக்குப் பார்சலோ அவர்கள் நம்பர்தான் இருக்க வேண்டும், பணிமனையில் ஓட்டுநர் சீட்டில் ஓட்டுநர் நம்பர்தான் இருக்கும் என்று பெரிய இவனாட்டம் சொன்னேன். காது வருகிறது, தயாராக இருங்கள் என்று சொல்ல, காது கேட்காதவளுக்குப் போன் அடித்திருக்கிறார்கள். அவளுடைய பட்டன் போன் ஒரு மாதமாக அலமாரியில் ஒரு புடவைக்கடியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் ஒரே நம்பரிலிருந்து மூன்று தவறிய அழைப்புகள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, முதலாளி சொன்ன வெள்ளிக்கு நடுவில் ஒரு வியாழன்தான் பாக்கி.

அந்த நம்பருக்கு அடித்தேன். ஓர் அம்மாள் எடுத்தார், பார்சல் பரிசோதனை அதிகாரியாம்.

"பெட்டியில என்ன இருக்கு?"

"காதுக் கருவி மேடம். ஒண்ணு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா நாங்க ஏன் சார் நிறுத்தப்போறோம்? நாளைக்குக் காலையில பெறுநரைக் கூட்டிட்டு வாங்க."

கொழுந்தியாளைப் பிடித்தேன். அங்கே அப்போது மதியம், வேலையிலிருந்தாள்.

"அத்தான், கருவி இத்துனூண்டு. பெட்டி பெருசு. காலி இடத்தோட யாராவது அனுப்புவாங்களா? நீங்க மட்டும் அங்கிருந்து அனுப்பும்போது ரெண்டு ஜாக்கெட்டும் ஊறுகாயும் வெச்சு அனுப்பலையா? அதோட ஆளாளுக்குத் தனித்தனியா கேட்டீங்க. நீங்களும்தான்."

நானும்தான். எங்கள் குடும்பத்தில் காலி இடத்தோடு பெட்டி போனால் அது அவமானம். அவரவர் ரகசியமாக ஒரு பொருள் சொல்லியிருக்கிறோம். நான் கேட்டது ஒரு சென்ட் பாட்டில். பணிமனை டீசல் நாற்றம் சட்டையை விட்டுப் போவதில்லை, ஐம்பது வயதில் எனக்குக் கொஞ்சம் மணக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அக்காகிட்ட சொல்லாதே என்று வேறு சொல்லியிருந்தேன். கொழுந்தியாளோ சுங்கப் படிவத்தில் 'காதுக் கருவி ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

வியாழன் காலை இருவரும் போனோம். ஊர்க்கோடியில் தகரக் கூரைக் கிடங்கு. ஓரத்தில் கண்ணாடி தடுத்த ஓர் அறை, கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்த நாற்காலிகள், தரையெங்கும் பழுப்பு டேப்பின் துணுக்குகள். அதிகாரி அம்மாள் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எங்கள் பெட்டியை மேசையில் வைத்தார். மேல் மடிப்பை அவர்கள் முன்பே அறுத்து மறுபடி ஒட்டியிருந்தார்கள்.

"ஃபாரத்துல ஒரு பொருள். உள்ள அஞ்சு பொருள்."

ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். சாக்லேட், கொழுந்தியாளே வைத்தது. கலர் பேனாக்கள், மகள் கேட்டது. அப்புறம் அகலமாக ஒரு பட்டை, இடுப்பில் கட்டுவது. நாளெல்லாம் உட்கார்ந்து எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அது யார் கேட்டிருப்பார்கள் என்று யோசிக்கவே தேவையில்லை, மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியாகக் குமிழ்த்தாளில் சுற்றிய சென்ட் பாட்டில்.

"இதுதான் பிரச்சினை. தீப்பிடிக்கிற பொருள், விமானத்துல வரவே கூடாது. ஸ்கேன்ல மாட்டி இங்கயும் அங்கயும் மாத்தி மாத்தி அனுப்பியிருக்காங்க. இதைக் கைவிடுறதா எழுதிக் குடுத்தா மத்ததை விட்டுடறேன்."

கருவியை மனைவி பக்கம் தள்ளி, அட்டையில் இருக்கும் எண்ணோடு சரிபார்க்கும்படி சைகை காட்டினார். என்னை மேசையின் மறுமுனைக்கு வரச் சொன்னார். படிவத்தில் ஒரு கட்டம், 'அறிவிக்காததற்குக் காரணம்'. எழுதினால் என் சங்கதி பல்லிளித்துவிடும் என்று பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்க சார், நானே எழுதிக்கிறேன்."

மனைவிக்கு முதுகைக் காட்டி நின்று, குரலையும் தாழ்த்தாமல் சொன்னேன். எதற்குத் தாழ்த்த வேண்டும்?

"சென்ட் நான் கேட்டது மேடம். அவளுக்குத் தெரியாது. அவ பேருல வர்ற பெட்டியில என் ஆசையைத் திணிச்சேன். அதனாலதான் இவ்வளவு நாள் இங்க கிடந்துச்சு. நாளைக்கு அவ வேலை போயிருக்கும், நான் மணக்கணும்கிறதுக்காக. இன்னொண்ணும் சொல்றேன், இதை எழுத வேண்டாம். அவளுக்குக் காது கேக்காம இருந்தது எனக்கு முதல்ல வசதியா இருந்துச்சு. என்ன வேணும்னாலும் பேசலாம், பதில் வராது. அப்புறம்தான் தெரிஞ்சுது, பதில் வராத வீட்டுல என்னால இருக்க முடியாதுன்னு. அவ என் இடுப்பை நினைச்சுக்கிட்டிருந்திருக்கா மேடம்."

அதிகாரி அம்மாள் எழுதவில்லை. என் தோளுக்கு மேல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"சென்ட்டை அவங்ககிட்டயே குடுத்துட்டு வாங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "கடைக்கு நேரமாச்சு."

திரும்பினேன். காதுக்குப் பின்னால் கருவி உட்கார்ந்திருந்தது, வில்லை தலைமுடியில் ஒட்டியிருந்தது. பேட்டரியை அவள் கைப்பையிலேயே கொண்டுவந்திருக்கிறாள், எனக்குத்தான் அது தோன்றவே இல்லை. கையெழுத்துப் போட்டேன். போட்டேனா, கிறுக்கினேனா தெரியாது.

பேருந்து நிறுத்தம் வரை அவளோடு நடந்தேன். அவள் முகத்தில் கோபமா, அழுகையா, வேறேதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. இருபத்தாறு வருடம் பார்த்த முகம் அன்றைக்குப் புது ஊராக இருந்தது. கடைசியில் நானே கேட்டேன்.

"எதிலேருந்து கேட்டுச்சு?"

"வசதியா இருந்துச்சுன்னு சொன்னீங்களே, அதிலேருந்து."

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. வண்டி வந்தது, ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து, எனக்குப் பக்கத்தில் இடம் விட்டாள். நான் உட்காரும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"ஒரு மாசமா உங்க வாய் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியலை. கடை வர்றதுக்கு இன்னும் ஏழு ஸ்டாப் இருக்கு. என்னென்ன சொன்னீங்க, ஒண்ணு விடாம முதல்லேருந்து சொல்லுங்க."