புலின்னா புலிதான்

காயைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழமாக்கி என்னத்தைக் கண்டோம் என்று முதலில் சலித்துக்கொண்டவள் சொர்ணவல்லிதான். காரைக்குடியில் சுலைகா வீட்டுப் பின்கட்டில் பகல் சாப்பாடு முடிந்ததும் மூன்று பெண்கள் தாயம் உருட்ட உட்காருவார்கள். சுலைகாவின் கணவர் அபுதாஹிர் பினாங்கில் ஒரு துணிக்கடையில் இருந்தார். பக்கத்து வீட்டுப் பல்கீஸின் கணவன் சபியுல்லாவும் அதே கடையில்தான். எதிர்வீட்டுச் சொர்ணவல்லிக்கு மட்டும் புருஷன் உள்ளூரில் தச்சுவேலை. உங்களுக்கெல்லாம் நடுவில் ஒரு கடல் கிடக்கிறது, எனக்கு ஒரு வாய்க்கால்கூட இல்லையே என்று அவள் பெருமூச்சு விடுவாள்.

அந்தச் சலிப்பில் பிறந்ததுதான் பயண ஆட்டம். கட்டம் கிடையாது. சொர்ணவல்லியின் புருஷன் செதுக்கிப் போட்ட மரக்காய்கள்தான் ஆட்கள். சுலைகா கதை சொல்வாள், மற்ற இருவரும் அதற்குள் நடப்பார்கள். என் ஆள் இதைச் செய்கிறாள் என்று சொல்வது ஆடுகிறவளின் பாடு. அதனால் என்ன நடந்தது என்று சொல்வது சுலைகாவின் பாடு. ஆபத்து வந்தால் தாயக்கட்டை பேசும்.

வெறும் ஆளாகப் போனால் சரிவருமா, ஆளுக்கு ஒரு வரம் வேண்டும் என்றாள் சொர்ணவல்லி. கேட்டதும் சாகாவரத்தை எடுத்துக்கொண்டாள். ஒரு வாரம் ஆட்டம் உப்புச் சப்பில்லாமல் போயிற்று. கிணற்றில் தள்ளினாலும் சிரித்துக்கொண்டு ஏறி வருகிறவளை வைத்து என்ன கதை சொல்ல? அதனால் வரத்தை ஒரு பயணத்துக்கு ஒரு தடவை என்று குறைத்தார்கள். சொர்ணவல்லி எங்கே போனாலும் சுடுசோறு கிடைக்கும் வரத்துக்கு மாறிக்கொண்டாள். பல்கீஸ், தட்டினால் எந்தக் கதவும் திறக்க வேண்டும் என்று கேட்டாள். வரத்தைப் பயன்படுத்திவிட்டால் முடியாது என்று சுலைகா சொல்லக்கூடாது. ஆனால் கதவுக்குப் பின்னால் இருப்பது என்ன என்பது சுலைகாவின் இஷ்டம்.

அந்த இஷ்டத்துக்கும் ஒரு நாள் கடிவாளம் விழுந்தது. பல்கீஸ் ஒரு பாழடைந்த பங்களாவின் கதவைத் தட்டினாள். உள்ளே புலி என்று சொல்லிவிட்டாள் சுலைகா. பல்கீஸின் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் மனசு கேட்காமல், இருட்டில் சரியாகத் தெரியவில்லை, பூனைதான் என்றாள். சொர்ணவல்லி கட்டையைக் கீழே போட்டுவிட்டாள்.

"புலின்னா புலிதான் சுலைகா. எரக்கப்பட்டு மாத்துனா நாங்க எதுக்கு ஆடணும்? நீயே ஆடிக்க."

நியாயமான பேச்சு. அன்றிலிருந்து அது சட்டமாயிற்று.

இதெல்லாம் அறுபத்தாறில். அறுபத்தேழு சித்திரையில் அபுதாஹிரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சபியுல்லா அங்கே ஒரு நிக்காஹ் செய்துகொண்டான், பிள்ளைக்கு மூன்று மாதம், பல்கீஸ் காதில் போடாதே, அவனே எழுதுவான் என்றிருந்தது. சுலைகா அதைத் தையல் மெஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்தாள். அவன் எழுதுவான் என்று ஒரு மாதம் பார்த்தாள், இரண்டு மாதம் பார்த்தாள். எழுதுகிற மூஞ்சியா அது? பல்கீஸ் தினமும் வந்து அந்த மெஷின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு சிரிப்பாள். சுலைகாவுக்கு அப்போதெல்லாம் விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது.

பல்கீஸ் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். திருப்பத்தூரிலிருந்த அவள் அண்ணன் மதுரையில் டீச்சர் டிரெய்னிங்குக்கு இடம் பார்த்து வைத்திருந்தார். அவுக வர்ற நேரத்தில் வீடு பூட்டிக் கிடந்தால் நல்லாவா இருக்கும் என்று இரண்டு தடவை அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். கார்த்திகையில் மூன்றாவது தடவையாக ஆள்விட்டிருந்தார். நாளைக் காலையில் வருகிறேன், இனிமேல் கேட்கமாட்டேன் என்று.

அன்று மழைத் தூறல். எங்கே பயணம் என்று வழக்கம்போல் கேட்டாள் சுலைகா. அதுவரை கொழும்பு போயிருக்கிறார்கள், ரங்கூன் போயிருக்கிறார்கள், மக்காவுக்கே ஒரு தடவை போய்வந்தாயிற்று. ஒருவரும் வாயெடுக்காத ஊர் ஒன்றுதான்.

"பினாங்குக்கு" என்றாள் பல்கீஸ்.

சுலைகா தன்னால் ஆன மட்டும் தடுத்துப் பார்த்தாள். நாகப்பட்டினத்தில் கப்பலுக்குச் சீட்டு இல்லை என்றாள். பல்கீஸ் கட்டையை உருட்டினாள், தாயம் விழுந்தது, சீட்டுக் கிடைத்தது. நடுக்கடலில் புயலை எழுப்பினாள். பன்னிரண்டு விழுந்தது, புயல் அடங்கியது. கரையில் அம்மை என்று சொல்லி இறங்கவிடாமல் நிறுத்தினாள். இன்றைக்கென்ன இம்புட்டு முட்டுக்கட்டை என்று சொர்ணவல்லியே முணுமுணுத்தாள். அதையும் தாண்டி இறங்கிய பல்கீஸின் மரக்காய், தெருவைக் கேட்டு, கடையைக் கேட்டு, மாடிப்படி ஏறி நின்றது.

"தட்டுறேன். என் வரத்தை எடுத்துக்கிறேன்."

கதவு திறந்தாக வேண்டும். பூட்டிக் கிடக்கிறது என்று சொல்ல சுலைகாவுக்கு உரிமை இல்லை. அறை காலி, சபியுல்லா நேற்றுத்தான் ஊருக்குக் கப்பலேறினான் என்று சொல்லலாம். அதற்கு உரிமை உண்டு. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் பல்கீஸ் சிரித்திருப்பாள், நாளைக்கு அண்ணனைத் திருப்பி அனுப்பியிருப்பாள், அடுத்த கப்பலுக்கும் அதற்கடுத்த கப்பலுக்கும் வாசலைக் கூட்டி வைத்துக்கொண்டு இருந்திருப்பாள்.  ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தன் வாயில் கொண்டுவந்து வைத்த அபுதாஹிர்மேல் சுலைகாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"கதவு தெறந்துச்சு" என்றாள். "உள்ள ஒரு தொட்டிலு கட்டிக் கெடக்கு. பிள்ள தூங்குது."

 ஒன்றும் தெரியாத சொர்ணவல்லிக்குக்கூட ஏதோ புரிந்துவிட்டது. வேற வீட்டுக் கதவா இருக்கும், மாத்திச் சொல்லு என்று சுலைகாவின் கையைப் பிடித்தாள். சட்டம் போட்டவளே அவள்தான்.

"வேணாக்கா" என்றாள் பல்கீஸ். "புலின்னா புலிதான்." மரக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பிள்ளைக்கு எத்தனை மாசம்?"

"பத்து."

"உங்களுக்கு எத்தனை மாசமாத் தெரியும்?"

இது ஆட்டத்துக்குள் கேட்கிற கேள்வி இல்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஏழு" என்றாள் சுலைகா.

பல்கீஸ் அழவில்லை. அழுதிருந்தால் சுலைகாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் மரக்காயை விரலால் மெல்லத் திருப்பி, வந்த வழி பார்க்க வைத்தாள்.

"கதவைச் சாத்துறேன். படி எறங்குறேன்."

எங்காவது போய் விழுந்துவிடுவாளோ என்று சுலைகாவுக்குப் பயம். எறங்கித் தெருவுக்கு வந்துட்டே, அங்குட்டு ஒரு ரிக்‌ஷா நிக்குது, அதில உங்க அண்ணன் என்று அவசரமாகக் கதையைக் கட்டப் பார்த்தாள். பல்கீஸ் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதை நீங்க சொல்லக்கூடாதுக்கா. கதவுக்குள்ள இருக்கிறதுதான் உங்க பாடு. நான் எங்க போறேங்கிறது எம்பாடு."

மரக்காயை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை அண்ணனோடு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பஸ்ஸுக்குக் கிளம்பியதைச் சுலைகா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சொர்ணவல்லியிடம் நின்று சொல்லிக்கொண்டாள். அடுத்தது சுலைகாவின் வாசல். சுலைகா ஓடிவந்து கதவுக்குப் பின்னால், தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள். தட்டினால் உடனே திறந்துவிடலாம் என்று நின்றாள். செருப்புச் சத்தம் வாசல்வரை வந்து, தாண்டிப் போயிற்று.