திருட்டு அலாரம்

சிந்தனைச் செம்மலின் பதினோராவது நூல் அச்சேறிய வாரத்திலிருந்து, அவர் ஆறடிக்குள் நெருங்கினாலே அவருடைய கார் அலறத் தொடங்கியது. மற்றவர்கள் அதன்மேல் சாய்ந்து நின்று பல் குத்தினாலும் வாய் திறக்காது. செம்மல் என்பது அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பட்டம். வாசல் பலகையில் பெயருக்கு இடமில்லாதபடி அதைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார். நூல் நேர்மையைப் பற்றியது. முந்தைய பத்தும் அதைப் பற்றியவைதாம்.

கார் எலக்ட்ரீஷியன் வந்தார். முதல் நாள் சாவிக்குள்ளிருந்த பொட்டு பேட்டரியை மாற்றினார். இரண்டாம் நாள் பானெட்டுக்கு அடியிலிருந்த சுவிட்சின் துருவைச் சுரண்டினார். மூன்றாம் நாள், லாரி வந்து மோதினாலொழிய விழிக்காத அளவுக்கு சென்சாரைக் குறைத்து வைத்தார். செம்மல் கோட்டுப் பொத்தானைப் போட்டபடி படியிறங்கினார், கார் அலறியது. நான்காம் நாள் பேட்டரி இணைப்பைக் கழற்றி, சைரனையே பிடுங்கித் தம் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். கார் சைரன் இல்லாமலே அலறியது, முன்னைவிடச் சுத்தமான குரலில்.

எலக்ட்ரீஷியன் கையைத் துடைத்துக்கொண்டார். "வண்டியில ஒரு கோளாறும் இல்ல சார். இது திருட்டு அலாரம். அதோட வேலைய அது பாக்குது."

செம்மல் மொழியறிஞரும்கூட. "திருட்டு அலாரமா? திருட்டுச் சரக்கையா என் தலையில கட்டின?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"ஐயோ, திருடிட்டு வந்த அலாரம் இல்ல சார். திருடன் கிட்ட வந்தா கத்துற அலாரம்" என்று எலக்ட்ரீஷியன் விளக்கினார். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை.

தெருவுக்கு விஷயம் தெரியாமலில்லை. பதினோரு நூலையும் எழுதியவள் செம்மலின் மனைவி. சமையலறை மேசையில், அடுப்பைப் பார்த்துக்கொண்டே எழுதுவாள். தாள்களில் எண்ணெய்க் கறை இருக்கும். செம்மல் அவற்றைத் தம் கையெழுத்தில் படியெடுத்துக் கறையை மட்டும் நீக்குவார். பதினோராவதிலாவது தன் பெயர் வரட்டும் என்று, அச்சகத்துக்குப் போகும் வழியில் காருக்குள் வைத்துத்தான் அவள் கேட்டாள். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள உன்னுது என்னுதுன்னு பிரிச்சுப் பேசலாமாம்மா?" என்றார் அவர். கார் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த நூலுக்குத் தெரு நலச் சங்கம் பாராட்டு விழா எடுத்தது. சொந்தக் காரில் வந்திறங்குவதுதான் மரியாதை என்று செம்மல் அலறலோடே வந்திறங்கினார். சங்கத்தார் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கைதட்டினார்கள். எஞ்சினுக்குள் புகுந்த பல்லிதான் காரணம் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். செயலாளர் குனிந்து செம்மலின் செருப்பிலிருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்து, அதே கைக்குட்டையால் தம் வாயையும் துடைத்துக்கொண்டார். இதற்குமேல் விவரித்தால் பேனாவைக் கழுவ வேண்டிவரும்.

மறுநாள் அவள் ஒரு தலையணை, தண்ணீர் பாட்டில், பன்னிரண்டாவது நூலின் தாள்கள் ஆகியவற்றோடு காரின் பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். கார் மூச்சுவிடவில்லை.

செம்மல் ஏழடி தள்ளி நின்றார். "வெளிய வா, தெருவே சிரிக்குது."

"எழுதிட்டு வர்றேன்."

"எவ்வளவு ஆயிருக்கு? முடிச்ச வரைக்கும் குடு, பாக்கறேன்."

"பத்து வருஷமா பாத்ததே போதுங்க."

அவர் பாய்ந்து கதவைப் பிடித்தார். கார் அலறிய அலறலில் அவருடைய பல்செட் கழன்று சாக்கடையோரம் விழுந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அதை எடுத்துக் கழுவாமலே மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

பன்னிரண்டாவது எட்டு மாதத்தில் அவள் பெயரில் வந்தது. பதின்மூன்றும் பதினான்கும் அதே பின்சீட்டில் எழுதப்பட்டன. செம்மலிடமிருந்து அதற்குப் பின் எதுவும் வரவில்லை. உள்ளிருந்த ஊற்று வற்றிவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறார். தினமும் காலையில் அவர் காரைக் கடந்து நடைப்பயிற்சிக்குப் போகிறார். தெருவில் இப்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அலறல் கேட்டதும் ஏதாவதொரு வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் வரும்: "ஏழாச்சு, செம்மல் கெளம்பிட்டாரு. பாலை எறக்கு."