வீட்டு வண்டிக்கு ஒரு ஜெனரேட்டர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து வந்தது. ஏரிக்கரையில், உள்ளேயே குடியிருக்க வசதி செய்து, கூரையெல்லாம் சோலார் தகடு பதித்த வீட்டு வண்டி ஒன்று பனிமூட்டத்துக்குள் நின்றிருந்தது. ஒரு பெண் ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தார். அது உறுமியதும் அணைத்தார். மறுபடி இழுத்தார், மறுபடி அணைத்தார். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "வானத்தில் மேகங்கள் பஞ்சுப் பொதியாக" (அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

இரண்டாவது: அவள் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் புவியியல் வாத்தியார். இப்போது ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் அவருக்கு மூச்சு இல்லை. ஐந்து நாளாக வெயிலும் இல்லை. பேட்டரியில் பதினெட்டு சதவீதம். அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்தே அவள் தூக்கம் போயிற்று.

(மெஷினுக்குப் பதில் ஒரு பிரிட்ஜை வைத்திருக்கலாம். பிரிட்ஜுக்காக யார் அழப்போகிறார்கள்?)

3

ஜெனரேட்டரைப் பொருத்திவிட்டாள். புகைக்குழாய் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம். ஜெனரேட்டரும் சோலாரும் மோதிக்கொள்ளாமல் நடுவே ஒரு மாற்று சுவிட்ச். வேலை படு சுத்தம். ஆனாலும் ஓடவிட்ட நிமிஷமே அணைத்துவிட்டு உள்ளே ஓடி வருகிறாள்.

"என்னம்மா, ரிப்பேரா?"

"இல்லீங்க. மெஷின் முனகினாலும் உங்க மூச்சு எனக்குக் கேக்கும். இந்த ஜெனரேட்டர் சத்தம் எல்லாத்தையும் முழுங்கிடுது."

"முப்பது வருஷமா என் குறட்டையைத் திட்டினவ நீதானே?"

"அது அப்ப."

(இங்கே அவள் அழுவதாக எழுதினேன். அழமாட்டாள். லிப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு "பயப்படாதீங்க, இங்கதான் இருக்கேன்" என்று குரல் கொடுத்தே பழகியவள். அழுதது நான்தான்.)

4

முடிவு ஒன்று: மேகம் விலகி, சூரியன் (பச்சைப் பொய். வேண்டாம்.)

முடிவு இரண்டு: ஜெனரேட்டர் ஓடுகிறது. அவர் கண்ணயர்ந்துவிட்டார். அவர் மார்பில் உள்ளங்கையை வைத்தபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். காதுக்கு எட்டாத மூச்சு கைக்கு எட்டுகிறது, ஏறுகிறது, இறங்குகிறது. ஜன்னலுக்கு வெளியே ஏரியும் இல்லை, கரையும் இல்லை, வெள்ளை மட்டும்தான். வண்டி எங்கோ மெல்ல மிதந்து போகிறது.

அவளுக்குக் கண் சொருகுகிறது. தூங்கினால் கை நழுவிவிடும். எழுப்ப எனக்கு மனசு வரவில்லை, தூங்கவிடத் தைரியமும் இல்லை.

நீங்கள் சும்மாதானே வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்ச நேரம் உங்கள் கையை அங்கே வையுங்கள்.