பதினேழாம் கட்டத்துக்கு இரண்டு வரி

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. மேல்வீட்டு சிஸ்டர் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்து, "நீங்க எழுதறவர்தானே தம்பி, பதினேழாவது கட்டத்துல ரெண்டு வரி எழுதிக் குடுங்க" என்றார்.

கட்டத் தேவையில்லாத வரியைக் கட்டித் தொலைத்தவர்கள் அதைத் திருப்பிக் கேட்கும் படிவம் அது. பதினேழாவது கட்டத்தின் தலைப்பு, 'வரி செலுத்தியதற்கான காரணம்'. தீப்பெட்டி அளவு இடம். இரண்டு வரிதானே, ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். ஆறு நாள் ஆகிறது. அந்த இரண்டு வரி வரவில்லை, அதற்குப் பதிலாக இது வந்துகொண்டிருக்கிறது.

சிஸ்டர் என்றால் என் கூடப்பிறந்தவர் இல்லை. வேறொரு நாட்டின் ராணுவ மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவருக்கு இங்கே வேலை கிடைக்க, பதினொரு வருடம் முன்பு குடும்பமாக வந்தார்கள். பென்ஷன் அந்த நாட்டுடையது, வீடு இந்த நாட்டில். கதை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

2

[தொடக்கம் ஒன்று: குண்டுச் சத்தம் ஓய்ந்த அந்த அதிகாலையில், ரத்தம் தோய்ந்த கையுறையைக் கழற்றியபடி அவள்]

இதைப் படித்துவிட்டு சிஸ்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நான் இருந்தது எலும்பு வார்டு தம்பி. பாதிப் பேரு ஃபுட்பால் ஆடி காலை ஒடச்சிக்கிட்டு வந்தவங்க."

[தொடக்கம் இரண்டு: குடியுரிமை என்பது யாதெனில்,]

எனக்கே தாங்கவில்லை. அந்தக் காற்புள்ளியைத் தாண்டி ஓர் எழுத்துகூடப் போடவில்லை.

மூன்றாவது தொடக்கம் எங்கள் கேட்டுக்கு வெளியே இருக்கிற சாலை. நான்கு வண்டிகள் சேர்ந்தாற்போல் போகலாம். எதிரில் கிளினிக், பஸ் நிறுத்தம், மருந்துக் கடை. கடக்க சிக்னல் மட்டும் கிடையாது. ஏழு வருடம் முன்பு சிஸ்டரின் வீட்டுக்காரரை அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் தட்டிவிட்டுப் போனது. நில அளவைத் துறையில் ஊரெல்லாம் நடந்தே அளந்த மனிதர். இடுப்பெலும்பு கூடிவிட்டது, ஆனால் பயம் போகவில்லை. எதிரில் தெரிகிற கிளினிக்குக்கு டாக்சி பிடித்து, ஒன்றரைக் கிலோமீட்டர் போய், திரும்பி வந்து இறங்குகிறார். டாக்சிக்காரர்கள் முதல் தடவை சிரிப்பார்கள். இரண்டாம் தடவை அவர்களே கைகொடுத்து இறக்கிவிடுவார்கள்.

சிஸ்டர் சிக்னல் கேட்டு மனுப் போட ஆரம்பித்தார். ஆறு வருடத்தில் முப்பத்தொரு மனு. ஒவ்வொன்றுடனும் ஒரு அட்டவணை: மணிக்கு எத்தனை வண்டி, கடக்க எத்தனை நிமிடக் காத்திருப்பு. வீட்டுக்காரர் பால்கனியில் உட்கார்ந்து எண்ணிக் கொடுப்பார்.

முப்பத்தொன்றாவது மனுவின்போது வார்டு அலுவலக குமாஸ்தா ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டார். (இவரை வில்லனாக்கப் பார்த்தேன். சிஸ்டருக்கு நாற்காலி போட்டுத் தண்ணீரும் கொடுத்தவரை என்ன செய்வது?) "கவுன்சிலர் மனுவைப் பாக்கறதுக்கு முன்னாடி வாக்காளர் பட்டியலைப் பாக்கறாரும்மா. உங்க கதவு நம்பர்ல ஒரு பேருகூட இல்லையே."

அன்று சாயங்காலமே சிஸ்டர் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார்.

3

ஒரு வருடம் கழித்துக் கடிதம் வந்தது. பதினான்காம் தேதி உறுதிமொழி. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கடைசி நாள் இருபதாம் தேதி. தேதிகள் இப்படி ஒட்டி நின்றதில் சிஸ்டருக்குப் பரம திருப்தி.

இங்கேதான் மகன் வருகிறான். முதல் வரைவில் அவனை அம்மாவின் காசையே எண்ணிக்கொண்டிருக்கிற பிள்ளையாக எழுதியிருந்தேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மேலே போனபோது அவன் அப்பாவின் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தான். வந்து அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அவனுக்கு இருந்தது பேராசை இல்லை, பயம். அம்மா பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டால் பென்ஷனே நின்றுவிடுமோ? அம்மாவை ஆடிட்டரிடம் கூட்டிப்போனான்.

ஆடிட்டர் ஒரு சின்ன வயதுப் பெண். பேசும்போது பென்சில் சீவிக்கொண்டே இருப்பவர். அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட வரை எழுதுகிறேன்.* இந்த இரண்டு நாடுகளுக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம் உண்டு. ராணுவப் பென்ஷனுக்கு, அதைக் கொடுக்கிற நாடுதான் வரி போடலாம். சிஸ்டர் வாங்குகிற தொகைக்கு அங்கே வரியே கிடையாது. ஆனால் வாங்குபவர், தான் குடியிருக்கிற நாட்டின் குடிமக்களில் ஒருவராகவே ஆகிவிட்டால், வரி போடும் உரிமை இந்தப் பக்கம் வந்துவிடும். இங்கே அதே தொகைக்கு வரி உண்டு. ஆள் அதேதான், பென்ஷனும் அதேதான், ஆனால் உறுதிமொழி எடுத்த நாளிலிருந்து கணக்கு வேறு.

(*உங்கள் வீட்டிலும் யாராவது வெளிநாட்டு ராணுவப் பென்ஷன் வாங்கினால் இந்தக் கதையை நம்பி எதுவும் செய்துவிடாதீர்கள். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். நல்ல ஆடிட்டராகப் பாருங்கள். என்னைத் திட்டிக் கடிதம் போடாதீர்கள்.)

உறுதிமொழியை அடுத்த வரி ஆண்டுக்குத் தள்ளிப்போடலாம், அதுவரைக்குமான வரி மிச்சம் என்றார் ஆடிட்டர். அஞ்சு மாசம்தானேம்மா என்று மகன் கெஞ்சினான். ஆனால் அஞ்சு மாதத்தில் வார்டு தேர்தல் முடிந்திருக்கும், அடுத்தது ஐந்து வருடம் கழித்துத்தான்.

சிஸ்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பென்ஷன் நிற்குமா?

"நிக்காது சிஸ்டர். அது பாஸ்போர்ட்டுக்குக் குடுக்கறது இல்ல. நீங்க போட்ட கட்டுக்குக் குடுக்கறது. போட்ட கட்டு போட்டதுதானே."

"அப்ப சரி" என்றார் சிஸ்டர். "வரியை நான் கட்டிக்கறேன். பதினாலாம் தேதி பதினாலாம் தேதியாவே இருக்கட்டும்."

[இந்த இடத்தில் 'அவர் கண்கள் கலங்கின' என்று எழுதியிருந்தேன். சிஸ்டர் சிவப்புப் பேனாவில் அடித்து, பக்கத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டார்.]

4

இனி எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட, ஆடிட்டர் பழைய வரிக் கணக்குகளைக் கேட்டார். சிஸ்டர் பையிலிருந்து கோப்பை எடுத்தார். பதினொரு வருடம், தேதி வாரியாக, ஓரத்தில் துளையிட்டுக் கட்டியது.

ஆடிட்டர் புரட்டினார், நிறுத்தினார், பின்னால் புரட்டினார். பென்சிலைக் கீழே வைத்தார்.

'இந்நாட்டில் வரிக்குரிய அயல்நாட்டுப் பென்ஷன்' என்று ஒரு கட்டம். சிஸ்டர் அதைக் காலியாக விட்டிருக்க வேண்டும். ஆனால் பதினொரு வருடமும் முழுத் தொகையை, அழகான கையெழுத்தில், நிரப்பியிருக்கிறார். இந்த நாட்டுக் குடிமகள் கட்ட வேண்டிய வரியை, ஓட்டுக்கூட இல்லாமல், வந்த முதல் வருடத்திலிருந்தே கட்டி வந்திருக்கிறார். (குறைத்துக் கட்டினால் பத்தாம் நாள் கடிதம் வரும். கூடக் கட்டினால் யார் எழுதப் போகிறார்கள்?)

ஏன் நிரப்பினீர்கள் என்று ஆடிட்டர் கேட்டார்.

"வார்டு சார்ட்ல ஒரு கட்டம் காலியா இருந்தா மருந்து குடுக்கலன்னு அர்த்தம்" என்றார் சிஸ்டர். "அடுத்த ஷிஃப்ட் வந்து மறுபடியும் குடுத்துடுவாங்க, ஆள் போயிடுவான். காலிக் கட்டம் எனக்கு ஆகாதும்மா."

மகன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆடிட்டர் மட்டும் நிதானமாகச் சொன்னார்: "அப்ப உங்களுக்கு ஒண்ணும் மாறப்போறதில்ல சிஸ்டர். பதினாலாம் தேதிலேருந்து நீங்க செய்யறது சரியாயிடும். அவ்வளவுதான்."

கடைசி நான்கு வருடத்துக்குக் கட்டியதைத் திருப்பிக் கேட்கலாம். அதற்கு முந்தைய ஏழும் போனது போனதுதான். நான்கு வருடப் பணம் வந்தால் வீட்டுக்காரருக்கு பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி வாங்கலாம். அதற்குத்தான் படிவம், அதில்தான் பதினேழாவது கட்டம்.

5

'தவறுதலாகச் செலுத்தப்பட்டது.' மகன் எழுதச் சொன்னது இது. முடிந்தது விஷயம். இதற்கு எழுத்தாளன் எதற்கு?

சிஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. படிவத்தை என் மேஜையில் வைத்த அன்றைக்கே சொன்னார்.

"தப்புன்னு எழுதாதீங்க தம்பி. பதினோரு வருஷமா இந்த ஊரு ரோட்டுக்கும் வெளக்குக்கும் கட்டியிருக்கேன். நான் கட்டினதே தப்புன்னு என் கையாலயே எழுதிக் குடுத்தா, ஆறு வருஷமா என் மனுவைத் தூக்கி ஓரமா வெச்சாங்களே, அது சரின்னு ஆயிடும்ல?"

பணம் வேண்டாம் என்றால் கேட்காமலே விட்டுவிடலாமே என்றேன். நாற்காலி வேண்டும் என்றார். பொய் எழுதவும் கூடாது. ஆடிட்டரோ, காரணம் தெளிவாக இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்கிறார்.

இதுவரை நான் எழுதி அடித்தவை: 'பழக்கத்தின் காரணமாக.' (சின்னத்தனம்.) 'இங்கு வசிப்பதால்.' (பணம் வராது.) 'விதியை அறியாமல், ஆனால் கடமையை அறிந்து,' (மேடைப் பேச்சு. சிஸ்டர் கொட்டாவி விட்டார்.)

6

முடிவுகளும் இரண்டு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், சிஸ்டர் படிவத்தைக் கிழித்துக் காற்றில் பறக்கவிடுகிறார். படித்துவிட்டு, "கிழிக்கறதுக்கா கடைக்குப் போய் பிரிண்ட் எடுத்துட்டு வந்தேன்?" என்று கேட்டார்.

இன்னொன்றில் சிக்னல் வந்துவிடுகிறது. பச்சை விளக்கு, நாற்காலியில் வீட்டுக்காரர், சாலை நடுவே [என் கணினித் திரை எனக்கே மங்கலாகத் தெரிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்]. இதற்குத்தான் அவருக்கு உண்மையில் கோபம் வந்தது. "இன்னும் வரல. கதையில வந்துடுச்சுன்னா படிக்கறவங்க வந்துடுச்சுன்னு நெனச்சுப்பாங்க. அழிங்க."

அழித்தேன்.

இன்று பதினான்காம் தேதி. படிவத்தைக் கொடுக்கவும் இன்றுதான் கடைசி. காலையில் சிஸ்டர் கிளம்புவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஆஸ்பத்திரி வார்டில் இருந்தபோது போலவே மார்பில் தலைகீழாகக் குத்திய கடிகாரம். கையை உயர்த்தி, ஒரு லாரியை நிறுத்தி, எதிர்ப்பக்கம் போனார். மேலே பால்கனியில் வீட்டுக்காரர் அந்த லாரியையும் சேர்த்து எண்ணிக்கொண்டார். முப்பத்திரண்டாவது மனுவுக்கு.

மதியம் மகனிடமிருந்து செய்தி வந்தது. அம்மா உறுதிமொழியை மைக் தேவையில்லாத குரலில் படித்தாராம். அங்கிருந்து நேரே வார்டு அலுவலகம் போய், அதே குமாஸ்தாவிடம் வாக்காளர் படிவத்தை நீட்டினாராம். அவர் எழுந்து நின்று வாங்கினாராம்.

இப்போது மணி நான்காகப் போகிறது. எனக்கு வரவில்லை. முழுக் கதையும் உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாதது எதுவும் மிச்சமில்லை. நீங்களே எழுதிக் கொடுங்கள், இரண்டு வரி போதும். தப்பு என்று இருக்கக் கூடாது, பொய்யும் கூடாது, நாற்காலி வந்தாக வேண்டும். பென்சிலில் எழுதினாலும் பரவாயில்லை, நான் மை போட்டுக்கொள்கிறேன்.

படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. தயவுசெய்து காலியாக மட்டும் விட்டுவிடாதீர்கள்.

17. வரி செலுத்தியதற்கான காரணம்:

[                                                            ]

[                                                            ]