வைனுக்கு ஒரு சுவர்

கட்டுகஸ்தோட்டைக் கடையிலிருந்து லொறியில் வந்து இறங்கிய ரெடிமேட் கபட்டுகளைப் பார்த்ததும் சுகிர்தாவுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. தரையில் நிற்பவை இரண்டு, சுவரில் மாட்டுவது ஒன்று. அவளுடைய சட்டிபானைகள் கல்யாணமான நாளிலிருந்து காட்போட் பெட்டிகளில்தான் கிடக்கின்றன.

"குசினிக்கு இல்ல. ஹோலுக்கு. வைன் வைக்க" என்றான் அவள் புருஷன் நிரோஷன்.

வாவியைப் பார்த்த மேட்டில் இருக்கும் ஒரு ஹோட்டலில் குடிவகைகளுக்குப் பொறுப்பானவன் அவன். புது மனேஜர் ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தார்.

"எந்தச் சுவர்ல?"

"ஜன்னல் பக்கத்து மூலையில."

சுகிர்தா அவனையே பார்த்தாள். அவள் தம்பி சந்திரகுமார் இவர்களோடு இருந்த காலத்தில் அவனுடைய கட்டில் கிடந்த மூலை அது. போன வருடம் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, அவள் தாதியாக வேலை பார்க்கும் வார்ட்டிலேயே செத்துப்போனான். குடிதான் காரணம்.

"வேற எடமே இல்லையா?"

"பிரிட்ஜுக்கு பிளக் பொயிண்ட் அங்கதான் இருக்கு."

சனிக்கிழமை முழுக்க அவன் வேலை செய்தான். ஒரு கபட்டின் கதவைக் கழற்றிவிட்டு, போத்தல்களைப் படுக்கவைக்கக் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள் அடித்தான். மற்றதன் பின்பலகையை வெட்டிக் காற்றுப்போக வழிவைத்து, சின்ன பிரிட்ஜை உள்ளே தள்ளினான். இரண்டுக்கும் மேலே நீளமாக ஒரு பலகை போட்டு வார்னிஷ் பூசினான். சுகிர்தா மரத்தூளைக் கூட்டவில்லை. அதை மிதித்துக்கொண்டே போய்வந்தாள்.

மேல் கபட்டை மட்டும் ஒருவனால் மாட்ட முடியாது. பக்கத்து வீட்டு நஸீபைக் கூப்பிட்டான். அவன் அக்குறணைக்குப் போயிருந்தான்.

"சும்மா நிக்காம வந்து பிடி."

வந்து பிடித்தாள். இரண்டு கைகளையும் உயர்த்தி, பாரத்தைத் தாங்கிக்கொண்டு நின்றாள். அவன் ஸ்டூலில் ஏறி டிரில்லால் முதல் ஸ்க்ரூவை முறுக்கினான்.

"அவன் படுத்த எடத்துல போத்தல் அடுக்க ஒங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?" என்றாள் கீழிருந்து.

"ஒன் தம்பி குடிச்சது சாராயம். இது வைன். ரெண்டையும் ஒண்ணாக்காத."

"மொத கிளாஸ் இந்த ஹோல்லதான் குடிச்சான். ஹோட்டல்ல மிஞ்சின வைன். ஊத்திக் குடுத்தது யாரு?"

டிரில் நின்றது.

"நான்தான். இப்ப என்ன செய்யணும்ங்கிற? அதுக்கப்புறம் அவனா போய் குடிச்சதுக்கெல்லாம் நானா பொறுப்பு? ஒன் குடும்பமே அப்படித்தான்."

சுகிர்தா கைகளை எடுத்தாள்.

கபட் ஒற்றை ஸ்க்ரூவில் தொங்கிச் சுழன்றது. சாந்தோடு பிய்த்துக்கொண்டு கீழே விழுந்தது. தடுக்கப் போனவனின் விரல்கள் கபட்டுக்கும் பலகைக்கும் நடுவே அகப்பட்டன. அவன் அலறினான். அவள் கபட்டைத் தூக்கி விலக்கி, கையை இழுத்து, விரல் விரலாக மடக்கிப் பார்த்தாள்.

"எலும்பு ஒடையல. தோல்தான் போயிருக்கு."

"வேணும்னுதானே விட்ட?"

"ஆமா."

மருந்து போட்டுக் கட்டிவிட்டாள்.

ஞாயிறு காலையில் நஸீபைக் கொண்டு கபட்டைக் கொஞ்சம் தள்ளி மாட்டினான் நிரோஷன். பிய்ந்த சாந்தை மேல் கபட் மறைத்தது. அதன் அடியில் கிளாஸ்கள் தலைகீழாக வரிசையாகத் தொங்கின. மனேஜரும் மனைவியும் வந்தார்கள். நிரோஷன் கட்டுப்போட்ட கையாலேயே தக்கையைத் திருகி எடுத்து ஊற்றினான்.

"பிரமாதம்! எல்லாம் நீயே செய்ததா?" என்று மனேஜர் ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு சுகிர்தாவைப் பார்த்து, "நீங்கள் எடுக்கவில்லையா?" என்றார்.

"இல்லை" என்றாள் அவளும் ஆங்கிலத்தில். "என் தம்பி குடித்தே செத்துப்போனான். முதல் கிளாஸை இதே ஹோலில்தான் இவர் ஊற்றிக் கொடுத்தார். நீங்கள் குடியுங்கள்."

மனேஜரின் மனைவி கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தாள். மழையைப் பற்றி யாரோ ஏதோ சொன்னார்கள். கோழிக்கறி பாதிக்குமேல் மிச்சம். இனிப்புக்குக்கூட இருக்காமல் அவர்கள் எழுந்துகொண்டார்கள்.

கார் போனதும் நிரோஷன் திரும்பினான். முகம் கறுத்திருந்தது.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்ட. திருப்தியா?"

"இல்ல" என்றாள் சுகிர்தா. "அவன் திரும்பி வரப்போறதில்லையே."

"பெந்தோட்டை ஹோட்டலுக்கு மாத்தம் கேக்கப்போறேன். தனியாத்தான் போவேன்."

"போங்க."

அவள் சீலையை மாற்றிக்கொண்டு வந்து, காட்போட் பெட்டிகளை இழுத்து ஹோலுக்குக் கொண்டுவந்தாள். போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து அவன் காலடியில் வைத்தாள். குறுக்குச் சட்டங்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் தன் சட்டிகளை அடுக்க ஆரம்பித்தாள். அவன் தடுக்கவில்லை. உதவவும் இல்லை.