பதினான்கு படங்களில் ஒரு நடை

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து பிறந்தது. தப்பு செய்தது நான். நேரடியாகச் சொல்ல வெட்கமாக இருப்பதால் டீச்சரான எனக்குச் சபீனா என்று பெயர் வைத்து, 'அவள்' என்று எழுதப்போகிறேன். கண்டுகொள்ளாதீர்கள்.

முதல் தொடக்கம்: கேரளத்துக் கோதமங்கலத்தில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை— (வேண்டாம். கோதமங்கலத்தில் எப்போது மழை பெய்யவில்லை?)

இரண்டாவது: எல்தோவுக்கு இருபத்திரண்டு வயது, ஆட்டிசம், அவனுடைய தனி உலகத்தில்— (அடித்துவிட்டேன். அவன் உலகம் எனக்கென்ன தெரியும்?)

மூன்றாவது நிற்கட்டும். ஆட்டிசமும் வளர்ச்சிக் குறைபாடும் உள்ள இளைஞர்களுக்கு அனிமேஷன் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில், ஒரு மனித நடையை வரையச் சொன்னாள் சபீனா. பன்னிரண்டு படங்கள். திரும்பத் திரும்ப ஓட்டினால் ஆள் நடந்துகொண்டே இருப்பார். எல்தோ பதினான்கு வரைந்தான்.

2

அவன் வரைந்தது முகமில்லாத ஒரு பெண். இடது ஓரத்தில் எல்தோ வீட்டு கேட். அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கமாகப் போகிறாள். இடது காலை எடுக்கும் முன் இரண்டு படங்களில் ஒன்றுமே நடக்கவில்லை. நடை அங்கே இடறியது. சபீனா நல்ல மனதோடு அந்த இரண்டையும் நீக்கினாள்.

"பதினாலு," என்றான் எல்தோ.

"பன்னெண்டு போதும்டா. இப்பப் பாரு, எவ்ளோ அழகா போறா!"

"பதினாலு."

மறுநாள் இரண்டையும் மறுபடி வரைந்து சேர்த்திருந்தான். அவள் மறுபடி நீக்கினாள். ஒன்பது நாள் நடந்தது இந்தக் கூத்து. (எல்தோவுக்குப் பிடிவாதம் அதிகம் என்று அறிக்கையில் எழுதியும் வைத்தாள். யாருக்கு அதிகம் என்று நீங்களே சொல்லுங்கள்.)

3

எல்தோ 'சேச்சி' என்று கூப்பிடும் அக்கா லிஜி அயர்லாந்தில் நர்ஸ். போய் மூன்று வருஷம். வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில் கூப்பிடுவாள். அவன் போனைப் பார்க்காமலே எழுந்து போய்விடுவான். பத்தாம் நாள் அவள் டீச்சரையே கூப்பிட்டாள்.

"டீச்சரே, மறைக்காம சொல்லுங்க. அவன் என்னை மறந்துட்டானா?"

சபீனா பேச்சை மாற்றுவதற்காகப் போனைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பினாள். அன்றைக்கு அவள் இன்னும் கைவைக்காததால் பதினான்கு படங்களும் ஓடிக்கொண்டிருந்தன.

லிஜி போனைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள்.

"இது நான், டீச்சரே. பத்தாவது படிக்கிறப்ப ஸ்கூட்டர்லேருந்து விழுந்து அடிபட்ட இடது கால். எடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் நிக்கும். நான் நொண்டுறேன்னு வெளியாளுங்க யாருக்குமே தெரியாது."

மூன்று வருஷமாகப் போனில் லிஜிக்கு முகம் மட்டும்தான் இருந்தது. அவன் ஏங்கியது நடைக்கு. (இப்படி எழுதிவிடுவது சுலபம். பதினெட்டுப் படங்களை நீக்கிய விரல் என்னுடையது.)

4

லிஜி அழுதுகொண்டே சிரித்தாள். "ஆனா வீட்டை விட்டுல்ல போயிட்டிருக்கேன்! எடா எல்தோ, சேச்சி திரும்பி வர்ற மாதிரி ஆக்குடா."

முடிவு ஒன்று: ஆழம் தெரியாமல் காலை விடுவது சபீனாவின் வழக்கம். ஒரு பொத்தானைத் தட்டினாள். கண்ணாடியில் தெரிவதுபோல உருவம் திரும்பிக்கொண்டது. பெட்டியோடு அந்தப் பெண் கேட்டை நோக்கி நடந்து வந்தாள். வகுப்பே கைதட்ட—

(கைதட்டல் தவிர எல்லாம் நடந்தது.) எல்தோ திரையில் விரலை வைத்தான். "சேச்சி இல்ல."

திருப்பியதில் இடது காலுக்குப் பதில் வலது கால் நொண்டியது.

முடிவு இரண்டு: லிஜி லீவு கிடைத்து வந்து, வகுப்பு வாசலிலிருந்து நடந்து வருகிறாள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே எழுதப் பயமாக இருக்கிறது. லீவு கொடுப்பது என் கையிலா இருக்கிறது?

5

இதுவரை நடந்தது இவ்வளவுதான். எல்தோ புதுத் தாள் எடுத்தான். கேட்டைப் பார்த்து நடக்கும் பெண், வாரத்துக்கு ஒரு படம். வெள்ளிக்கிழமைகளில் லிஜி இப்போது முகத்தைக் காட்டுவதில்லை. போனைத் தரையில் சாய்த்து வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி விடுதி வராந்தாவில் நடந்து போகிறாள், திரும்பி வருகிறாள். எல்தோ எழுந்து போவதில்லை.

"மறுபடி," என்கிறான்.

"கால் வலிக்குதுடா!" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி நடக்கிறாள்.

ஐந்து படங்கள் முடிந்திருக்கின்றன. ஆறாவதிலும் ஏழாவதிலும் ஒன்றும் நடக்காது. அதற்குப் பிறகு கால் எழும்ப வேண்டும், வீடு வரவேண்டும். அதை என்னால் எழுத முடியவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவசரத்தில் அந்த இரண்டை மட்டும் நீக்கிவிடாதீர்கள்.