ஓராள் கப்பல்

நீர்மூழ்கிக் கப்பல் என்றதும் பெரிதாக எதையோ நினைத்துக்கொள்ளாதீர்கள். பட்டறையில் கழித்துப் போட்ட, காற்றடைத்து வைக்கும் பழைய இரும்புத் தொட்டி அது. என் வீட்டுக்காரர் அதைக் கொண்டுவந்து எங்கள் கார் கொட்டகையில் இறக்கினார். கார் அன்றிலிருந்து தெருவில் வெயில் காய்கிறது. அக்கம்பக்கத்தில் அவருக்குக் கேப்டன் என்று பெயர் வைத்தார்கள். நான் வைத்த பெயர்களை இங்கே சொல்ல முடியாது.

அவர் வெல்டர். வாழ்நாளெல்லாம் சுத்தியல் சத்தத்துக்கு நடுவே நின்றவர். "தண்ணிக்கு அடியில அப்படி என்னதான் இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன். "சத்தம் இருக்காது" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த ஏக்கத்தைப் பார்த்து அடுத்த கேள்வியை விழுங்கிவிட்டேன். வீட்டில் சத்தம் போடுவது நான் ஒருத்திதானே.

முன்பெல்லாம் வேலை விட்டு வந்ததும் பட்டறைக் கதையை ஒன்றுவிடாமல் சொல்வார். நான் பதிலுக்குத் தெருக் கதை சொல்வேன். "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கப்பல் வந்தபிறகு நேரே கொட்டகைதான். எதைச் சொன்னாலும் "ம்". அந்த ஒற்றை எழுத்தில் வருஷக்கணக்கில் குடும்பம் நடந்தது.

எனக்கு அவரோடு பேச வேண்டும் போலிருக்கும். வெறுங்கையோடு போய் நின்றால் "என்ன?" என்பார். தட்டோடு போனால் ஒன்றும் கேட்கமாட்டார். அதனால் தட்டோடு போனேன். காலையில், மத்தியானம், சாயங்காலம், நடுவில் கொறிக்க ஏதாவது. கவிழ்த்துப் போட்ட டப்பாவில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்போதும் பேச்சு கப்பலைப் பற்றித்தான். "இந்த வால்வைத் திறந்தா பக்கத்துத் தொட்டியில தண்ணி ஏறும், கீழ போகும். அதைத் திறந்தா காத்து தண்ணிய வெளிய தள்ளும், மேல வரும்." கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாம் மனப்பாடம். இரண்டு கரண்டி கூட வைத்தால் கொஞ்ச நேரம் கூடக் கிடைக்கும். வைத்தேன்.

கடைசி வேலையாகப் பின்பக்க மூடியைப் பொருத்திப் பற்றவைத்தார். அதுவரை உள்ளே போக வர அந்தத் திறந்த பின்பக்கம்தான் வழி. ஆள் இறங்கும் வட்ட வாசல் மேலே இருந்தது. அதை ஆரம்பத்திலேயே, தன் தோளையும் இடுப்பையும் அளந்து, கெட்டியான இரும்பு வளையம் வைத்து முடித்துவிட்டார். அதன்பிறகு ஒருதடவைகூட அதன் வழியாக இறங்கிப் பார்க்கவில்லை.

ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரியில் தண்ணீர் ஆழமாக நின்றது. திங்கட்கிழமை அதை இறைத்துவிட்டு மறுபடி கல் எடுக்கப்போகிறார்களாம். ஆக, ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை. பட்டறையில் கிரேன் ஓட்டும் சிநேகிதர் வண்டியோடு வந்தார். முதலில் ஆளுக்குப் பதில் கல்லை அடுக்கிக் கப்பலை அடிவரை இறக்கித் தூக்கினார்கள். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. இவர் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

கல்லையெல்லாம் எடுத்துவிட்டு, புதுச் சட்டை மாட்டிக்கொண்டு ஏறினார். கால் போயிற்று, தொடை போயிற்று. வயிறு போகவில்லை. மூச்சை விட்டுப் பார்த்தார். சட்டையைக் கழற்றிப் பார்த்தார். கிரேன்காரர் கிரீஸ் டப்பாவோடு வந்தார். பூசியும் பார்த்தார்கள்.

"வளையத்த வெட்டிப் பெருசாக்கிடுவோமா?" என்றார் கிரேன்காரர்.

"அதுல கை வச்சா மொத்த பலமும் போயிடும்."

"அப்ப இளைச்சுட்டு வாப்பா."

"நாளைக்குள்ளயா?"

இவர் கப்பலின் மேலேயே உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயிறெல்லாம் கிரீஸ். என் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதிலுக்கு நான் நாலு கொடுத்திருப்பேன். ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான் போறேன்" என்றேன்.

"உனக்கு என்ன தெரியும்?"

வால்வு வால்வாக ஒப்பித்தேன். "இதெல்லாம் எப்ப கத்துக்கிட்ட?"

"நீங்க சாப்பிடறப்ப."

உள்ளே இறங்கி உட்கார்ந்தேன். எனக்கு அந்த வாசல் தாராளம். ஆனால் கணக்கெல்லாம் அவர் எடைக்குப் போட்டது. தொட்டி நிறையத் தண்ணீர் ஏறியும் கப்பல் மூழ்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. கிரேன்காரர் இரும்புத் துண்டுகளைச் சாக்கில் கட்டி உள்ளே இறக்கினார். "இந்தாங்க அண்ணி, இதான் உங்க வீட்டுக்காரர். பக்கத்துல வச்சுக்குங்க." மூட்டையைக் காலோடு அணைத்து வைத்துக்கொண்டேன். கப்பல் இறங்கியது.

மேலே கிரேன் கயிறு, காதில் ஒயர் போன். கண்ணாடிக்கு வெளியே தண்ணீர் முதலில் பச்சையாக இருந்தது, பிறகு பழுப்பாயிற்று. கப்பல் அடியில் மெத்தென்று உட்கார்ந்தது.

"என்ன தெரியுது?" காதுக்குள் அவர் குரல்.

"பாறைச் சுவரு. துளை போட்ட தடமெல்லாம் அப்படியே இருக்கு."

"அப்புறம்?"

"துருப்பிடிச்ச வாளி ஒண்ணு. ஒரு சின்ன மீன், கண்ணாடிக்கிட்ட வந்து என்னையே பாக்குது."

"அப்புறம்? சத்தம்?"

"இல்லைங்க. ஒரு சத்தமும் இல்ல. என் மூச்சுதான் கேக்குது."

அவர் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. இத்தனை வருஷம் அவர் ஏங்கிய இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அழுகை வந்தது.

"அப்புறம் சொல்லு" என்றார்.

சொல்ல அங்கே வேறு ஒன்றும் இல்லை. சேறுதான். அதனால் எதிர்வீட்டுச் சண்டையைச் சொன்னேன். "அப்புறம்?" என்றார். என் முழங்கால் வலியைச் சொன்னேன். தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் சோறு இறங்கவே மாட்டேன் என்கிறது என்பதையும் சொல்லிவிட்டேன்.

"இதெல்லாம் ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னேன். நீங்க பத்தவச்சுக்கிட்டு இருந்தீங்க."

பிறகு அவர் மெல்லிய குரலில், "உன்கூட நானும் அங்க இருந்திருக்கணும்" என்றார். வருஷக்கணக்காக நான் கேட்கத் தவித்த வார்த்தை. சேற்றுக்கு நடுவே, இரும்பு மூட்டையை அணைத்துக்கொண்டு கேட்டேன்.

"காத்து குறையும். மேல வா" என்றார். "கவலப்படாத. அடுத்தத ரெண்டு பேருக்குச் செஞ்சுடறேன். வாசல நல்லா அகலமா வைக்கறேன். நாளைக்கே ஆரம்பிச்சுடறேன்."

ஆசையோடுதான் சொன்னார், பாவம். குரலிலேயே தெரிந்தது.

என் கை வால்வின் மேல் இருந்தது. திறந்தால் நான் மேலே போய்விடுவேன். அவர் கொட்டகைக்குப் போய்விடுவார்.

"சரியா கேக்கலைங்க" என்றேன். "இன்னொரு தடவ சொல்லுங்க. மெதுவா."